ஃபிளிண்ட் நகரத்துத் தண்ணீரும் விஜய் ஐயரின் பியானோவும்

விஜய் ஐயர் என்று பேரைச் சொன்னதும் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "அப்போ கர்நாடக சங்கீதம் வருமா?" 1971-இல் அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ஜாஸ் பியானோ கலைஞர், அதனால் அப்படிக் கேட்கத்தான் தோன்றும். ராகம்தான் வேண்டுமென்றால் பிரசன்னாவின் கிட்டாரும் நிதின் மிட்டாவின் தபலாவும் சேர்ந்த 'தீர்த்தா' (2011) இருக்கிறது. 2021-இல் இசிஎம் வெளியிட்ட 'அன்ஈஸி'யில் தேடினால் கிடைக்காது. ஆனால் எனக்கு அவருடைய ஆல்பங்களில் மிக நெருக்கமானது இதுதான்.

மூன்றே பேர். டிரம்ஸ் டைஷான் சோரி, பாஸ் லிண்டா மே ஹான் ஓ. லிண்டா மலேசியாவில் பிறந்தவர். 'நம்ம ஊரு பொண்ணு' என்று கொண்டாட ஆசைதான், ஆனால் வளர்ந்தது பெர்த்தில். விட்டுவிடுவோம்.

முதல் பாடல் 'சில்ட்ரன் ஆஃப் ஃபிளிண்ட்'. மிச்சிகனில் கறுப்பின மக்கள் அதிகம் வாழும் ஃபிளிண்ட் நகரத்துக்கு 2014-இல் செலவைக் குறைப்பதற்காக ஆற்றுத் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். குழாய் அரிக்காமலிருக்கச் சேர்க்க வேண்டிய ரசாயனத்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்த ஈயம் கரைந்து பிள்ளைகளின் ரத்தத்தில் ஏறியது. பொறியியல் படித்த எவனுக்கும் இதைப் படித்தால் வயிறு எரியும். பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம் அது.

ஆனால் பியானோ கத்தவில்லை. மெதுவாக, கிட்டத்தட்ட கூச்சத்தோடு தொடங்குகிறது. தலைப்பைச் சொல்லாமல் நண்பனுக்குப் போட்டுக் காட்டினேன். "தாலாட்டு மாதிரி இருக்குடா" என்றான். அப்படியானால் அரசியல் வெறும் லேபிள்தானா? வார்த்தையில்லாத இசைக்குத் தலைப்பை ஒட்டி கனம் ஏற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு பழையது, முழுப் பொய்யும் இல்லை. இங்கே அது செல்லாது என்றுதான் நினைக்கிறேன். தலைப்பு நகரத்தைப் பற்றியோ அதிகாரிகளைப் பற்றியோ இல்லை, பிள்ளைகளைப் பற்றியது. பிள்ளைகளிடம் தாலாட்டாகத்தானே பேச முடியும்? 2020 செப்டம்பரில் சுங்கை கோங் மாசுபட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் நாள்கணக்கில் குழாய் வறண்டபோது வாளியோடு லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கோபம் அடுத்த பாடலில் இருக்கிறது. 'காம்பாட் பிரீத்திங்', 2014-இல் 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' போராட்டத்துக்குத் தோள் கொடுத்து எழுதியது. சோரியின் டிரம்ஸ் இடம் விட்டு இடம் தாவிக்கொண்டே இருக்கிறது, பியானோ விடாமல் துரத்துகிறது.

கோல் போர்ட்டரின் 'நைட் அண்ட் டே' மட்டும் எனக்கு ஒட்டவில்லை. வித்தை நிறைய, நீளமும் அதிகம். அதுவரை சேர்ந்திருந்த பதற்றத்தைக் கலைத்துவிடுகிறது. இன்னொருவர் பாடலாக வரும் 'டிரம்மர்ஸ் சாங்' அப்படியில்லை. எழுதியவர் 2017-இல் மறைந்த ஜெரி ஆலன். வளர்ந்தது டெட்ராய்ட்டில், ஃபிளிண்ட் இருக்கும் அதே மாநிலம். விஜய் இதை எண்ணித்தான் சேர்த்தாரா தெரியாது. முதல் பாடலைக் கேட்ட கையோடு நேரே இதற்குத் தாவிக் கேட்டுப் பாருங்கள், ஹெட்போனில். லிண்டாவின் பாஸ் போன் ஸ்பீக்கரில் காணாமல் போய்விடும்.