கரடிக்கு என்றும் கஞ்சியா?

திருவேங்கடத்துக்கு மேற்கேயுள்ள மலைகளில் கரடியின் உணவைத் தீர்மானிப்பது பருவகாலம். கோடையில் கொன்றைக்காய், நாவற்பழம். பழங்கள் ஓய்ந்தால் கறையான், எறும்பு. மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டு இல்லாததால், அந்த இடைவெளி வழியே புற்றிலுள்ள கறையானை உறிஞ்சிவிடும்.

காட்சிசாலைகள் பலவற்றிலோ ஆண்டு முழுதும் கஞ்சி, ரொட்டி, பழம்தான். கலோரிக் கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் கலோரி என்பது ஆற்றலின் அளவு மட்டுமே. அது கொழுப்பிலிருந்து வந்ததா, மாவிலிருந்து வந்ததா என்று சொல்லாது.

கரடிக்கு அந்த வேறுபாடு தெரியும். 2022இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்கக் காட்சிசாலைகளிலுள்ள நம் நாட்டுக் கரடியினத்துக்குக் கிழங்கும் ஆப்பிளும் வெண்ணெய்ப்பழமும் வேண்டுமளவு வைத்தார்கள். அவை ஆப்பிளை ஒதுக்கி, கொழுப்பு மிகுந்த வெண்ணெய்ப்பழத்தையே பெரிதும் தின்றன. அங்கே இக்கரடிகள் பலவற்றைக் கொல்வது கல்லீரல் புற்றுநோய். தவறான உணவும் காரணமாகலாம் என்பது ஆய்வாளர் ஐயம்.

அடுத்த முறை காட்சிசாலைக்குப் போனால், கரடியின் உணவில் இம்மாதம் என்ன மாறியது என்று கேளுங்கள்.