திவ்யாவின் ஒரு வருஷம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டி.வி.யில் மறுபடியும் 'மௌன ராகம்'. எத்தனாவது தடவை என்று எண்ணுவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. வீட்டில் ஒருத்தருக்குக் கார்த்திக், ஒருத்தருக்கு இளையராஜா, ஒருத்தருக்கு பி.சி.ஸ்ரீராம். நான் காத்திருந்தது, சிரிக்காதீர்கள், வக்கீல் காட்சிக்கு.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டெல்லியில் புதுக் குடித்தனம். உனக்கு என்ன வேணும் சொல்லு, வாங்கித் தர்றேன் என்கிறார் மோகன். விவாகரத்து வேணும் என்கிறார் ரேவதி. வக்கீலிடம் போனால், கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாமல் நடக்காது என்று திருப்பி அனுப்புகிறார். அப்புறம் ஒரே வீட்டில் இரண்டு பேரும் முகம் கொடுக்காமல் காத்திருப்பதுதான் மீதிப் படம்.

யோசித்துப் பார்த்தால், 1986-ல் வந்த இந்தப் படத்தில் மணிரத்னத்துக்கு டைட்டிலில் பெயர் வராத ஒரு உதவிக் கதாசிரியர் இருக்கிறார். இந்து திருமணச் சட்டம், 1955, பிரிவு 14. கல்யாணமான ஒரு வருஷத்துக்குள் விவாகரத்து மனு போடக்கூடாது என்று சொல்லும் பிரிவு. 1976-ல் சட்டத்தைத் திருத்துவதற்கு முன்னால் அது மூன்று வருஷமாக இருந்தது. 1975-ல் கதை நடந்திருந்தால் இரண்டாம் பாகம் தேவைப்பட்டிருக்கும்!

அதே 1976 திருத்தம்தான் 13-பி என்ற பிரிவையும் கொண்டுவந்தது. இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவது. 'பிடிக்கலை' என்பது மட்டும் சட்டப்படி ஒரு காரணம் இல்லை என்பதால், திவ்யாவுக்கு இருந்த நேர்வழி இதுதான். ஆனால் இதற்கு ஒரு வருஷம் தனித்தனியாக வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே கூரைக்குள் இருந்துகொண்டு தனித்தனியாக வாழ்ந்தோம் என்று சொல்ல முடியுமா? முடியும் என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் சொன்னது. எங்கே வசிக்கிறார்கள் என்பது முக்கியமில்லை, கணவன் மனைவியாக வாழ்ந்தார்களா என்பதுதான் கேள்வி என்றது. தீர்ப்பு வருவதற்குள் யாராவது ஒருவர் மனசு மாறினால் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம் என்றும் அதே வழக்கில் சொன்னார்கள். அப்படியே மௌன ராகம் கதை. படம் ஐந்து வருஷம் முந்திக்கொண்டது.

இவ்வளவு பாராட்டிவிட்டு ஒரு குறையும் சொல்லியாக வேண்டும். சந்திரகுமார் தங்கமான மனுஷன். குரலை உயர்த்துவதில்லை, கையை ஓங்குவதில்லை. அப்படி ஒருவரோடு ஒரு வருஷம் இருந்தால் யாருக்கும் மனசு இளகும். காத்திருப்பது நல்லது என்று படம் நிரூபிக்கவில்லை. நல்லவனோடு காத்திருப்பது நல்லது என்றுதான் நிரூபிக்கிறது. நாம் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, பார்க்கிற கல்யாணத்துக்கெல்லாம் சிபாரிசு செய்துகொண்டிருக்கிறோம்.

நண்பர் ஒருவரின் பெண், கல்யாணமாகி ஆறு மாசத்தில் அம்மா வீட்டுக்கு வந்தாள். முழங்கையில் நீலம் பாய்ந்திருந்தது. சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். ஒரு பெரியவர், "ஒரு வருஷம் பொறுத்துப் போம்மா, எல்லாம் சரியாயிடும். கோர்ட்டே அப்படித்தான் சொல்லுது. மௌன ராகம் பார்த்ததில்லையா?" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பார்த்திருக்கேன் மாமா. அதுல மோகன் அடிக்கலையே."

எனக்குத் தெரிந்து அந்தப் படத்துக்கு வந்த மிகச் சிறந்த விமர்சனம் அதுதான்.

பெரியவர் மேல் தப்பில்லை. அவருக்குத் தெரிந்த சட்டம் அந்த ஒரு காட்சி மட்டும்தான். பிரிவு 14 தடுப்பது விவாகரத்து மனுவை மட்டும். அதிலும் விதிவிலக்கு உண்டு. தாங்க முடியாத கஷ்டம் என்றால் கோர்ட் அனுமதியோடு முன்னாலேயே போடலாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ம் வருஷச் சட்டத்துக்கு இந்தக் காத்திருப்பே கிடையாது. கல்யாணமான மறுநாள்கூட மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். சாதாரணமாக மூன்று நாளைக்குள் முதல் விசாரணை நடக்க வேண்டும். அடிக்கக்கூடாது, வீட்டைவிட்டுத் துரத்தக்கூடாது, செலவுக்குப் பணம் கொடு என்றெல்லாம் உத்தரவு வாங்கலாம்.

வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவது என்கிறீர்களா? இங்கே இன்னொரு படம் ஞாபகம் வருகிறது. 2019-ல் வந்த நோவா பாம்பாக்கின் 'மேரேஜ் ஸ்டோரி'. கணவன் மனைவி இரண்டு பேரும் வக்கீலே வேண்டாம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அப்புறம் அவள் ஒரு வக்கீலைப் பிடிக்க, அவன் மணிக்கு 950 டாலர் கேட்கும் ஆளிடம் போய் நிற்கிறான். வீட்டுக்குள் சாதாரணமாகப் பேசியதெல்லாம் கோர்ட்டில் ஆயுதமாகிறது. நம் ஊரில் 1987-ம் வருஷச் சட்டப் பணிகள் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் அதற்கு ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்று ஒரு தொலைபேசி எண்கூட இருக்கிறது. உங்கள் வீட்டில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

'மேரேஜ் ஸ்டோரி'யில் இரண்டு பேரும் கடைசிவரை சேர்வதில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அவன் ஷூ லேஸ் அவிழ்ந்திருப்பதைப் பார்த்து அவள் குனிந்து கட்டிவிடுகிறாள். அவ்வளவுதான். பிரிந்த பிறகும் இரண்டு பேர் மரியாதையாக இருக்கலாம் என்பதும் ஒரு நல்ல முடிவுதான். நம் சட்டம் அதை 1976-லேயே ஒப்புக்கொண்டது. மனு போட்ட பிறகு காத்திருக்கும் ஆறு மாசத்தைக்கூட, சேர வழியே இல்லை என்று தெரிந்தால் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. மௌன ராகத்துக்கு மட்டும் சேர்வது ஒன்றுதான் சுபம்.

அந்தப் பெண் இலவச வக்கீல் மூலம் கோர்ட்டுக்குப் போனாள். இப்போது வேலைக்குப் போகிறாள். அவள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் படம் ஓடியிருக்கும். பாட்டு வந்தபோது ரசித்தும் இருப்பாள்.

நானும் அடுத்த தடவை பார்ப்பேன். அலுக்காத படம். ஆனால் வக்கீல் காட்சி வரும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பதாக இருக்கிறேன். நீங்களும் சொல்லுங்கள். அந்த ஒரு வருஷம் விவாகரத்து மனுவுக்குத்தான், அடி வாங்குவதற்கு இல்லை.