பட்டு டிசைன் கம்ப்யூட்டருக்குக் காசு கொடுத்துக் காவல் வேண்டுமா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக் கம்ப்யூட்டர் பாதி வீட்டுக்கு, பாதி தறிக்கு. பகலில் முந்தியையும் பார்டரையும் கட்டம் கட்டமாக வரைந்து பிஎம்பி ஃபைலாகச் சேமிப்பார்கள். சாயங்காலம் அதே திரையில் பிள்ளைகளின் பாடம். அந்த ஃபைல் பிறகு ஜக்கார்டு அட்டையில் துளைகளாகும். எலெக்ட்ரானிக் ஜக்கார்டு என்றால் பென் டிரைவில் நேரே தறிக்கே போகும். விண்டோஸ் 11 ஓடும் அப்படியொரு கம்ப்யூட்டரில் கருவிகளை இயக்கும் டிரைவர்களைப் புதுப்பிக்கும் ஒரு டிரைவர் அப்டேட்டர், ஒரு கட்டண ஆன்டிவைரஸ், விண்டோஸோடு கூடவே வரும் டிஃபெண்டர் மூன்றையும் ஓட்டிப் பார்த்தேன்.

டிரைவர் அப்டேட்டர் வந்த வேகத்தில் திரையைச் சிவப்பாக்கியது. ஏகப்பட்ட டிரைவர்கள் 'மிகப் பழையவை', சரிசெய்யப் பணம் கட்டு என்றது. பட்டியலில் இருந்த தேதிகளைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். ஒன்றில் 1968 ஜூலை 18! அது இன்டெல் நிறுவனம் தொடங்கிய நாள். தன் சிப்செட் ஃபைல்கள் மற்ற டிரைவர்களைத் தள்ளிவிட்டு உட்காரக் கூடாது என்று இன்டெல் வேண்டுமென்றே போட்டுவைத்த தேதி. விண்டோஸிலேயே இருக்கும் டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் 2006 ஜூன் 21 என்று போடுவதும் இதே காரணத்துக்காகத்தான். நாடி பிடிக்காமல் பிறந்த வருஷத்தை மட்டும் கேட்டு மருந்து எழுதுகிற வைத்தியரிடம் யார் போவார்கள்?

காசு வீணாவதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. யுஎஸ்பி-சீரியல் கேபிளில் ஓடும் பழைய இயந்திரம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2014இல் இத்தகைய கேபிள்களுக்குச் சிப் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் புதிய டிரைவர் ஒன்று விண்டோஸ் அப்டேட் வழியாகவே வந்து, போலி சிப் உள்ள கேபிள்களின் அடையாள எண்ணைப் பூஜ்ஜியமாக்கிச் செயலிழக்க வைத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். இதே வகைச் சிப் செய்யும் ப்ரொலிஃபிக் நிறுவனத்தின் புதிய டிரைவர்களும் பழைய சிப்பைக் கண்டால் வேலை செய்ய மறுத்து, 'விற்றவரிடம் கேளுங்கள்' என்று எழுதிக் காட்டும். நல்ல கேபிளைக் குப்பையில் போட வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' அழுத்திப் பழையதற்குத் திரும்பிப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரைத் தொடாதீர்கள். வைஃபை அறுந்தாலோ திரை மினுங்கினாலோ மட்டும் லேப்டாப் தயாரித்தவரின் தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஆன்டிவைரஸ் விஷயம் இவ்வளவு எளிதல்ல. ஐகார் என்ற தீங்கில்லாத சோதனை ஃபைலைக் கட்டண மென்பொருள், டிஃபெண்டர் இரண்டுமே உடனே பிடித்தன. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் சோதனைகளிலும் டிஃபெண்டர் சில ஆண்டுகளாகவே முன்வரிசையில்தான் இருக்கிறது. கட்டண மென்பொருளில் நான் கூடுதலாகக் கண்டது விபிஎன் விளம்பரமும் புதுப்பிக்கச் சொல்லும் நச்சரிப்பும்.

அதைவிட முக்கியம், கட்டண மென்பொருள் உள்ளே வந்ததும் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்கிறது. கூடவே 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்ற வசதியும் போய்விடுகிறது. தெரியாத புரோகிராம் எதுவும் உங்கள் டிசைன் ஃபோல்டரில் கைவைக்க விடாமல் தடுக்கிற இலவச வசதி அது. நாமாகத்தான் ஆன் செய்ய வேண்டும். ஆன் செய்ததும் பழைய டிசைன் மென்பொருளையே சேமிக்க விடாமல் தடுத்தது. அதை அனுமதிப் பட்டியலில் சேர்த்ததும் சரியானது.

ஆனால் இந்த ஊரில் வைரஸ் நுழையும் வழி வேறு. விலை அதிகம் என்று டிசைன் மென்பொருளின் கிராக் பதிப்பைத் தேடுகிறார்கள். 'முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யுங்கள்' என்பதுதான் கிராக்கோடு வரும் முதல் அறிவுரை. ஸ்டாப்/டிஜேவியூ என்ற ரேன்சம்வேர் பெரும்பாலும் இப்படித்தான் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் நுழைந்து, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. நாமே ஆஃப் செய்துவிட்டால், கட்டணம் கட்டிய காவலும் தூங்கத்தான் செய்யும்.

டிரைவர் அப்டேட்டைத் தொட வேண்டாம் என்றேன்; ஆனால் தட்டிக்கழிக்கக் கூடாத அப்டேட் ஒன்று உண்டு, அது விண்டோஸுடையது. வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் 2017 மே மாதம் தாக்கியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய பெட்டிகளில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அப்படிப்பட்டவற்றுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் உண்டு; அதற்குப் பதிவு செய்ய வேண்டும்.

சோதனை முடிந்ததும் அப்டேட்டரையும் கட்டண ஆன்டிவைரஸையும் நீக்கினேன். டிஃபெண்டர் தானே திரும்ப வேலைக்கு வந்தது. சந்தாப் பணத்தில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கி, வாரம் ஒருமுறை டிசைன்களை நகல் எடுங்கள். எடுத்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். செருகியே இருந்தால் ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும்.