காலண்டரில் பழகிய கண்

ஆண்டு முடிந்து தேதித் தாள்கள் தீர்ந்த பிறகும் காலண்டரின் படம் குப்பைக்குப் போவதில்லை. கத்தரித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு பூசை அறையில் மாட்டிவிடுவார்கள். ஓவியக் கூடத்தின் வாசலை மிதித்தே இராத பல தமிழர்களுக்கு ஓவியம் அறிமுகமானது இப்படித்தான்.

ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபோதே அரண்மனைச் சுவர்களில் இருந்த தெய்வங்கள் சாமானியர் வீட்டுக்கு வரத் தொடங்கிவிட்டன. தமிழ்நாட்டில் அதைப் பெருவழக்காக்கியவர் கோவில்பட்டியில் குடியேறிய சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் பயின்றவர். நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதியவர். அந்த நாடக அனுபவம் அவருடைய படங்களில் அப்பட்டமாகத் தெரியும். லட்சுமியோ முருகனோ மேடையின் முன்பகுதிக்கு வந்து நிற்பதுபோல் நின்று, எதிரே இருப்பவரை நேராகப் பார்க்கிறார்கள். முகத்தில் கடுநிழல் விழுவதில்லை. பின்னாலுள்ள குளமும் மலையும் தொங்கவிட்ட சீலை போலவே இருக்கின்றன. கும்பிட வருபவருக்கு வேண்டியது தெய்வத்தின் பார்வை. அதைக் குறைவில்லாமல் கொடுத்தார் ராஜு. சிவகாசி அச்சகங்கள் அதை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தன.

வார இதழ்கள் இன்னொரு வழி. ‘கல்கி’யில் 1950 முதல் ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்தபோது மணியம் வரைந்த வந்தியத்தேவன்தான் பலருக்கு இன்றும் வந்தியத்தேவன். கோயில் கோயிலாகப் போய் சிற்பங்களை நேரில் பார்த்து வரைந்த சில்பியின் படங்களை ஆனந்த விகடன் வாசகர்கள் கத்தரித்துச் சேர்த்து வைத்தார்கள்.

ஆக, ‘எனக்குப் பிடித்த ஓவியம்’ என்று ஒருவர் சொல்வதில் எவ்வளவு அவருடைய சொந்தத் தேர்வு, எவ்வளவு கண் பழக்கம்? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் ஜேம்ஸ் கட்டிங் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. புத்தகங்களில் அதிகம் அச்சான இம்ப்ரெஷனிச ஓவியங்களையே மாணவர்கள் விரும்பினார்கள். அவ்வளவாக அச்சாகாதவற்றை வகுப்பில் விளக்கம் எதுவும் சொல்லாமல் அடிக்கடி காட்டியதும் அந்தச் சாய்வு மறைந்துபோனது. பிரிட்டனில் 2013-இல் வெளிவந்த ஆய்வோ இதற்கு ஒரு கடிவாளம் போட்டது: அமெரிக்க ஓவியர் தாமஸ் கின்கேடின் அலங்காரப் படங்களைத் திரும்பத் திரும்பக் காட்டக் காட்ட மாணவர்களுக்கு அவற்றின் மீதான விருப்பம் குறைந்தது. பழக்கம் எல்லாப் படத்தையும் காப்பாற்றிவிடாது.

அச்சு வழியாக வரும் கண் பழக்கத்துக்கு நம் பக்கத்தில் பொருத்தமான எடுத்துக்காட்டு ஓவியர் கே.எம். ஆதிமூலம் (1938–2008). கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் வந்தபோது அவர் போட்ட கோட்டுச் சித்திரங்களை அறியாத வாசகர் குறைவு. மெல்லிய பேனாக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று பின்னி, ஒரு சம்சாரியின் தோல் சுருக்கமாகவும் தலைப்பாகையாகவும் திரண்டு நிற்கும். இதே மனிதர் பெரிய கித்தான்களில் உருவமே இல்லாமல் வண்ணத்தை மட்டும் பரப்பிப் பல ஆண்டுகள் வரைந்தார் என்பது இதழ் வாசகர்களில் பலருக்குத் தெரியாது. கோட்டுச் சித்திரம் அச்சுக்கென்றே பிறந்தது. தாளில் அது எதையும் இழப்பதில்லை. வண்ணக் கித்தான் அப்படியல்ல. அதன் அளவும், சாயம் தடித்தும் மெலிந்தும் கிடக்கும் பரப்பும், இரண்டடி பின்னால் நகர்ந்தால் நிறம் மாறித் தோன்றுவதும் புகைப்படத்தில் வராது. கூடத்துக்குப் போகாதவர்களுக்குக் கிடைத்தது பாதி ஆதிமூலம்தான். நல்ல பாதி என்றாலும் பாதிதான்.

குறையை ரசிகர் தலையிலேயே கட்டிவிடவும் முடியாது. எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சென்னைவாசிகள் ‘செத்த காலேஜ்’ என்று அழைத்த காலம் உண்டு. அங்கே கூட்டம் போனது திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்க்க. அதே வளாகத்தில் ஹென்றி இர்வின் வடிவமைத்த சிவப்புக்கல் மாளிகையான தேசிய ஓவியக்கூடம், கட்டடம் பலவீனமானதால் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. ஒரு தலைமுறைக்கு அது வெளியே நின்று படம் எடுத்துக்கொள்ளும் கட்டடம் மட்டுமே.

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது. பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தப் பணத்தில் தங்களுக்குப் பிடித்ததை வரைந்த கூட்டம் அது. மாமல்லபுரத்துக்குக் குடும்பத்தோடு கார் எடுத்துப் போகிறவர்களில் பெரும்பாலோர் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களில் ஜாதகக் கட்டம், எண்கள், படிக்க முடியாத எழுத்து வரிகள் நிறைந்திருக்கும். ஜாதகம் பார்க்கத் தெரிந்த எந்த வீட்டாருக்கும் அது அந்நியமாகப்படாது. அப்படி ஒன்று இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லத்தான் ஆளில்லை. சினிமாவுக்கு வாராவாரம் மதிப்பெண் போடும் தமிழ் இதழ்கள் ஓவியக் கண்காட்சிக்கு ஒரு பத்தி ஒதுக்குவது இன்றும் அபூர்வம்.