குடத்தில் இட்ட ஓலையும் அவையில் வாசித்த கணக்கும்: மக்களாட்சி குறித்த தமிழாய்வுப் பார்வை மீது ஒரு மறுநோக்கு

முன்னுரை

மக்களாட்சியைப் பற்றித் தமிழில் எழுதப்படும் ஆய்வுக்கட்டுரைகளுக்கு ஒரு வழித்தடம் நிலைபெற்றுவிட்டது. கிரேக்கச் சொற்பிறப்பில் தொடங்கி, ஆபிரகாம் லிங்கனின் வரையறையைக் கடந்து, உத்திரமேரூர்க் கல்வெட்டில் இளைப்பாறி, மேலைநாட்டார் கற்பதற்கு முன்பே தமிழர் இதனை அறிந்திருந்தனர் என்ற பெருமிதத்தோடு அவை முடியும். இத்தடத்தில் இக்கட்டுரையாளரும் நடந்ததுண்டு. முதுகலை பயின்ற நாள்களில் கருத்தரங்கு ஒன்றுக்கு எழுதிய கட்டுரை அவ்வாறுதான் முடிந்தது.

அக்கட்டுரைகள் தவறான செய்தியைத் தருகின்றன என்பது இங்கு வாதமன்று. சரியான சான்றிலிருந்து குறைவான பொருளை எடுக்கின்றன என்பதே வாதம். உத்திரமேரூர்க் கல்வெட்டில் உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் முறை மட்டும் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகிறது. தெரிந்தெடுக்கப்பட்டவர் ஊருக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய முறையோ பெரும்பாலும் ஒரு தொடரில் கடந்துசெல்லப்படுகிறது. இவ்விடுபாடு பழமையைப் பற்றிய நம் அறிவை மட்டும் குறைக்கவில்லை. இன்றைய ஊராட்சிகளை நாம் நோக்கும் பார்வையையும் சுருக்கியிருக்கிறது. கட்டுரையாளர் அறிந்த திண்டுக்கல் சமவெளியை வைத்து இதனை ஆராயலாம்.

கல்வெட்டு சொல்வதும் நாம் எடுத்துக்கொள்வதும்

உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளுக்குரிய (கி.பி. 919, 921) இரு கல்வெட்டுகள் உள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டதும், தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்தில் இடப்பட்டதும், சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுக்கப்பட்டதும், அதனை ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கி அவையறியப் படித்ததும் நாம் நன்கறிந்தவை. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவை இவ்வாறு அமைந்தன.

குடத்தில் பெயர் இடப்படத் தகுதி வேண்டும். கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதப் பயிற்சியும், 35க்கு மேல் 70க்குட்பட்ட அகவையும் இரண்டாம் கல்வெட்டு வகுக்கும் தகுதிகள். இது சதுர்வேதிமங்கலம் ஒன்றன் சபை. வேளாண்குடிகளின் ‘ஊர்’ என்னும் அவைக்கோ வணிகரின் ‘நகரம்’ என்னும் அவைக்கோ இத்துணை விரிவான விதித்தொகுப்பு கிடைக்கவில்லை. நிலமற்றோரும் பெண்டிரும் இக்குடத்தின் அருகிலேயே இல்லை. ஆகவே சோழநாட்டு மக்கள் அனைவரும் வாக்களித்தனர் என்ற தொனியில் எழுதுவது கல்வெட்டுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஆனால், இந்த மறுப்போடு நின்றுவிடும் திறனாய்வும் போதாது. பெருமிதக் கட்டுரைக்கு எதிராக எழும் கண்டனக் கட்டுரையும் தகுதிப் பகுதியைப் படித்து முடித்ததும் கல்வெட்டை மூடிவிடுகிறது. அதற்கடுத்த பகுதிதான் வியப்புக்குரியது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவர் பெயர் குடத்தில் இடப்படலாகாது. அவர் மட்டுமன்று, அவர்தம் தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், மைத்துனர் என உறவுமுறை ஒவ்வொன்றாகச் சொல்லி விலக்கப்படுகிறது. கையூட்டுப் பெற்றோர் விலக்கப்படுகின்றனர். அண்மைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவரும் மீண்டும் வர இயலாது. கணக்கு எழுதியவர் தாம் எழுதிய கணக்கைத் தாமே அவைக்குக் காட்ட வேண்டும். அதை முடித்துத்தர வேறொரு கணக்கரை அழைத்துவரக் கூடாது. நேர்மையானவர் எனத் தெளியப்பட்ட பின்னரே அப்பணிக்கு மீளலாம்.

ஒரு விதியின் நுட்பம் அது எதனை அஞ்சி எழுதப்பட்டது என்பதைக் காட்டும். மைத்துனரின் பெயரால் பதவியைத் தொடரும் பழக்கம் அவ்வூரில் இல்லாதிருந்தால் மைத்துனரைப் பெயரிட்டு விலக்கும் தேவை எழுந்திராது என ஊகிக்கலாம். முதற்கல்வெட்டில் 30 முதல் 60 வரை என்றிருந்த அகவை வரம்பு இரண்டே ஆண்டுகளில் மாற்றப்பட்டதும், இருமுறையும் அரசனின் அதிகாரி அவையில் உடனிருந்ததும் அவ்வூர் அமைதியாக இயங்கிய பொற்கால ஊரன்று என்பதையே உணர்த்துகின்றன. அது தன் குறையை அறிந்து விதியைத் திருத்திய ஊர்.

குடவோலைக்குச் சங்கச் சான்றாகக் காட்டப்பெறும் அகநானூற்று 77ஆம் பாடலையும் இங்கே சுட்டலாம். குடத்தின் பொறியை உடைத்து ஓலை எடுப்போர் அங்கு உவமையாக வருகின்றனர். பொருளாக வருவது பாலைவழியில் இறந்துகிடப்போரின் குடரைக் கவரும் பறவை. மக்களாட்சிச் சான்றாக அப்பாடலை எடுத்தாள்வோர் உவமையை மட்டும் வெட்டியெடுத்துக்கொள்கின்றனர். அவ்வோலை தேர்தல் ஓலையா, ஆவண ஓலையா என்பதும் எளிதில் முடிவுசெய்யத்தக்கதன்று.

சீட்டும் வாக்கும்

கோட்பாட்டு நோக்கிலும் ஒரு குழப்பம் உண்டு. குடவோலை என்பது தேர்தலன்று, திருவுளச்சீட்டு. அரிஸ்டாட்டில் தம் ‘அரசியல்’ நூலில் சீட்டின்வழிப் பதவியளித்தலை மக்களாட்சிக்கும், வாக்கின்வழித் தேர்தலைச் சிலராட்சிக்கும் உரிய இயல்பாகக் கருதினார். ஏதென்சில் சீட்டால் பதவிபெற்றவரும் பதவிக்காலம் முடிந்ததும் கணக்காய்வுக்கு உட்பட வேண்டியிருந்தது. அவ்வகையில் உத்திரமேரூரும் ஏதென்சும் ஒப்பிடத்தக்கவை; இரண்டுமே பெரும்பாலோரை வெளியே நிறுத்தி, உள்ளே இருந்தோரைக் கணக்குக் கேட்டவை. இன்றைய இந்தியாவோ அனைவரையும் உள்ளே அழைத்திருக்கிறது. கணக்குக் கேட்கும் பழக்கம் அதே அளவுக்கு உள்ளே வந்திருக்கிறதா என்பதே நம் காலத்துக்குரிய வினா.

1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் அம்பேத்கர் ஆற்றிய உரை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. பண்டைய இந்தியக் குடியரசுகளையும் பௌத்த சங்கங்களின் அவைநடைமுறையையும் அவர் அங்கே குறிப்பிட்டார். நம் கட்டுரைகளைப் போலப் பெருமைக்காகக் குறிப்பிடவில்லை. ஒருமுறை இழந்ததை மறுமுறையும் இழக்கக்கூடும் என எச்சரிப்பதற்காகக் குறிப்பிட்டார். பழஞ்சான்றை எடுத்தாளும் முறைக்கு அதுவே இக்கட்டுரையாளர் ஏற்கும் முன்மாதிரி.

திண்டுக்கல் சமவெளியில்

திண்டுக்கல் என்றதும் தமிழக அரசியல் வரலாறு 1973 மே மாத மக்களவை இடைத்தேர்தலை நினைவுகூரும். முந்தைய ஆண்டு தொடங்கிய அ.தி.மு.க. இரட்டை இலைச் சின்னத்தில் போட்டியிட்டு, மாயத்தேவரை வேட்பாளராகக் கொண்டு முதல் வெற்றி பெற்றது இங்குதான். ஆளுங்கட்சி மூன்றாமிடத்துக்குச் சென்றது. மக்களாட்சியைத் தேர்தலாக மட்டும் காணும் பார்வைக்கு இதனினும் பொருத்தமான ஊர் கிடைக்காது. அதே வட்டாரத்தில், சின்னாளபட்டிக்கு அருகே 1947இல் டி.எஸ். சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் தோற்றுவித்த காந்திகிராமம் வேறொரு மரபைச் சார்ந்தது. ஊர் தன்னைத் தானே ஆள்வதே ஆட்சி எனக் கருதிய மரபு அது. பிற்காலத்தில் ஊராட்சி ஆய்வுக்கும் பயிற்சிக்கும் அந்நிறுவனம் களமானது. முதல் மரபுக்கு நினைவுக்கூட்டங்கள் உண்டு. இரண்டாவதற்கு ஆய்வறிக்கைகள் உண்டு.

அரசமைப்பின் 73ஆம் திருத்தத்தையும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தையும் தொடர்ந்து, திண்டுக்கல் மாவட்டத்தின் 14 ஒன்றியங்களிலுள்ள 306 கிராம ஊராட்சிகளும் கிராமசபை கூட்டும் கடமை பெற்றன. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள் என்றிருந்த நான்கு கூட்டங்கள் உலகத் தண்ணீர் நாளும் உள்ளாட்சி நாளும் சேர்ந்து ஆறாயின. ஊராட்சியின் வரவுசெலவு இங்கு வைக்கப்பட வேண்டும். ஊரக வேலைவாய்ப்பு உறுதிக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டமும் சமூகத் தணிக்கையைக் கிராமசபையிடமே ஒப்படைத்தது. கோட்பாட்டளவில் உத்திரமேரூர்க் கணக்கு விதியின் வழித்தோன்றல் வாக்குப்பெட்டியன்று, கிராமசபையே.

நடைமுறையைப் பார்ப்போம். சமவெளிச் சிற்றூர் ஒன்றின் மே நாள் கூட்டத்தில் கட்டுரையாளர் அமர்ந்திருந்தார். மக்கள்தொகையின்படி அங்கே 100 பேர் கூடினால்தான் கூட்டம் செல்லும். வேப்பமர நிழலில் எண்ணியபோது நாற்பதுக்கும் குறைவு. வருகைப் பதிவேடு நூறுநாள் வேலைத்தளத்துக்குச் சென்று கையொப்பங்களோடு திரும்பியது. வரவுசெலவு வாசிக்கப்பட்டது, மிக விரைவாக. அப்போது பின்னால் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், “மோட்டார் ரிப்பேருக்கு எம்புட்டுன்னு இன்னொருக்கா வாசிங்க தம்பி” என்றார். செயலர் மீண்டும் வாசித்தார். தொகை சரியா தவறா என எவரும் வாதிடவில்லை. கூட்டம் அடுத்த பொருளுக்குச் சென்றது. ஆயினும் அடுத்த பொருளிலிருந்து வாசிப்பின் வேகம் குறைந்துவிட்டது. தேர்தல்நாள் வரிசைகள் பலவற்றைக் கண்டிருந்தும், ஆட்சி ஒன்று குடிமக்களுக்குக் கீழ்ப்படிவதை அன்றுதான் கண்ணெதிரே பார்த்ததாகக் கட்டுரையாளர் கருதுகிறார்.

அதே கூட்டத்தில் காலனியிலிருந்து வந்திருந்தோர் நிழலுக்கு வெளியே நின்றிருந்தனர். யாரும் அவர்களை நிற்கச் சொல்லவில்லை. அமரச் சொல்லவும் இல்லை. உத்திரமேரூர் நிலத்தையும் வேதத்தையும் கொண்டு எழுத்தில் வகுத்த எல்லையைச் சட்டம் அழித்துவிட்டது, மரநிழல் அழிக்கவில்லை. இதன் கொடிய வடிவத்தை இச்சமவெளிக்குத் தெற்கிலும் கிழக்கிலும் தமிழகம் பார்த்தது. மேலூர் அருகே மேலவளவில், தனித்தொகுதியான ஊராட்சியில் தலைவராக வென்ற முருகேசன் 1997 ஜூன் 30 அன்று உடன்வந்த ஐவரோடு கொல்லப்பட்டார். உசிலம்பட்டிப் பகுதியின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தலைவர் பதவி முறையாக நிரப்பப்படாமலே இருந்தது. தலித் ஒருவர் அப்பதவியில் அமர்வதை ஏற்காத ஆதிக்கச் சாதியினர் போட்டியிடவிடாது தடுத்தனர். வென்றவரும் உடனே விலகச் செய்யப்பட்டார். தேர்தல் நடத்துவதையே கணக்கிட்டால் அங்கே மக்களாட்சி சட்டப்படி நிகழ்ந்துகொண்டுதான் இருந்தது.

தலைவர் இல்லாத சபை

2016 அக்டோபரில் நடைபெறவிருந்த உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்ற ஆணையால் நின்றது. திண்டுக்கல் உள்ளிட்ட 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் அது 2019 டிசம்பரில்தான் நடைபெற்றது. அவ்வாறு அமைந்த மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அதன்பின் மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். 2025ஆம் ஆண்டு முழுவதும் தேர்தல் இல்லை.

இதனைக் கண்டிப்போர் வாக்குரிமை மறுக்கப்பட்டதாகவே பேசுகின்றனர். அது உண்மை, எனினும் பாதி உண்மை. தனி அலுவலர் காலத்திலும் கிராமசபை கூடுகிறது, கணக்கும் வாசிக்கப்படுகிறது. ஆனால் அக்கணக்குக்கு விடை சொல்ல வேண்டியவர் ஒன்றிய அலுவலகத்தில் இருக்கிறார். அவர் விடை சொல்ல வேண்டிய இடம் அதற்கும் மேலே இருக்கிறது. அவர் நேர்மையாளராகவும் திறமையாளராகவும் இருக்கலாம், பலர் இருக்கவும் செய்கின்றனர். ஆயினும் மோட்டார்ச் செலவை மறுபடி வாசிக்கச் சொன்ன மூதாட்டியை மறுநாள் தண்ணீர்க் குழாயருகே அவர் சந்திக்கப் போவதில்லை. உத்திரமேரூரார் மாமனாரையும் மைத்துனரையும் பெயரிட்டு விலக்க முடிந்ததற்குக் காரணம், கணக்குக் கொடுக்க வேண்டியவரும் கேட்பவரும் ஒரே ஊரில் வாழ்ந்தமையே.

தமிழாய்வு இவ்விடத்தில் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. கல்வெட்டின் ஒவ்வோர் எழுத்தையும் படி எடுத்துப் பதிப்பித்த மரபு நம்முடையது. ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் தீர்மானப் புத்தகம் இருக்கிறது; தமிழில் எழுதப்பட்டது; யார் முன்மொழிந்தார், எதனை மறுத்தார், எந்தத் தீர்மானம் ‘ஏகமனதாக’ என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் உண்டு. கட்டுரையாளர் பார்வையிட அனுமதி பெற்ற அத்தகைய புத்தகம் ஒன்றில் கையொப்பங்களுக்கிடையே கைந்நாட்டுகளும் இருந்தன. மூதாட்டியின் வினா அதில் பதிவாகவில்லை. வரவுசெலவு வாசிக்கப்பட்டு ஏகமனதாக ஏற்கப்பட்டது என்றே எழுதப்பட்டிருந்தது.