சோடியம் வள்ளலா? அயனிப் பிணைப்புக் கதையில் ஒரு குறை

"சோடியத்துக்கிட்ட ஒரு எலக்ட்ரான் கூடுதலா இருக்கு. குளோரினுக்கு ஒன்னு குறையுது. இது கொடுத்துடுச்சு, அது வாங்கிக்கிச்சு. இதுதான் அயனிப் பிணைப்பு."

படிவம் 4 வேதியியல் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லாத ஆசிரியர் குறைவு. நானும் பல ஆண்டுகள் சொன்னவன்தான். மாணவர்களுக்கும் பிடிக்கும், 2.8.1, 2.8.7 என்ற எலக்ட்ரான் அமைப்பும் மனத்தில் நிற்கும். ஆனால், கதை முடிகிற இடத்தில்தான் பிணைப்பே தொடங்குகிறது.

இப்படி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். உப்பு நீரைத் தட்டில் ஊற்றி வெயிலில் வைக்கிறோம். நீர் வற்றிப் படிகம் வருகிறது. அங்கே யார், யாருக்கு எலக்ட்ரான் கொடுத்தது? யாரும் கொடுக்கவில்லை. சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் நீரில் ஏற்கெனவே இருந்தன. நெருங்கி வந்ததும் ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டன. ஆக, எலக்ட்ரான் இடம் மாறுவது அயனி உருவாகும் வழி. பிணைப்பு என்பது எதிரெதிர் மின்னூட்டமுள்ள அயனிகளுக்கு இடையிலான நிலைமின் ஈர்ப்பு விசை. இரண்டும் ஒன்றல்ல.

கதையின் அடுத்த குறை, 'ஜோடி'. பலகையில் ஒரு சோடியம், ஒரு குளோரின் வரைகிறோம். மாணவர் அதை மூலக்கூறு என்றே நினைத்துக்கொள்கிறார். உப்புப் படிகத்தில் ஒவ்வொரு சோடியம் அயனியையும் 6 குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கின்றன. ஒவ்வொரு குளோரைடையும் 6 சோடியம். யாரும் யாருக்கும் ஜோடி இல்லை. சூத்திரம் சொல்வது 1:1 என்ற விகிதத்தை மட்டுமே.

மூன்றாவது, 'சோடியம் விரும்பிக் கொடுக்குது' என்பது. வாயு நிலையிலுள்ள ஒரு மோல் சோடியம் அணுக்களிடமிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கச் சுமார் 496 கிலோஜூல் செலவாகும். குளோரின் அணுக்கள் அதை ஏற்கும்போது கிடைப்பது சுமார் 349. கணக்கு உதைக்குதே! அந்த அயனிகள் கூடிப் படிகமாகும்போது வெளிப்படும் சுமார் 787 கிலோஜூல்தான் நட்டத்தை ஈடுகட்டுகிறது. இங்கேயும் நாயகன் ஈர்ப்புதான், கொடை அல்ல.

இது புரிந்தால் மற்றப் பிணைப்புகளோடு ஒப்பிடுவது எளிது. உப்பு 801 பாகை செல்சியசில்தான் உருகும். எல்லாப் பக்கமும் வலுவான ஈர்ப்பு. பனிக்கட்டி 0 பாகையில் உருகும்போது நீர் மூலக்கூறுக்குள் இருக்கும் சகப்பிணைப்பு உடைவதில்லை. மூலக்கூறுகளுக்கு இடையிலுள்ள வலுக்குறைந்த ஈர்ப்புதான் தளர்கிறது. செம்புக் கம்பியைத் தட்டினால் தட்டையாகும்; கடல்போல் பரவிய எலக்ட்ரான்கள் அணுக்களைப் பிடித்துக்கொள்ளும். உப்புக் கல்லைத் தட்டினால் நொறுங்கும்; அடுக்கு நகர்ந்ததும் ஒத்த மின்னூட்டங்கள் எதிர்ப்பட்டு விலக்கிக்கொள்ளும்.

'உலோகமும் அலோகமும் சேர்ந்தால்தான் அயனிப் பிணைப்பு' என்ற குறுக்குவழியும் எப்போதும் கை கொடுக்காது. அம்மோனியம் குளோரைடில் உலோகமே கிடையாது. ஆனாலும் அது அயனிச் சேர்மம்தான்.

மாணவர்களே, 'எலக்ட்ரான் கொடுத்தது, வாங்கியது' என்று எழுதியதும் பேனாவை வைத்துவிடாதீர்கள். உருவான அயனிகள் எவை, அவற்றைச் சேர்த்து வைத்திருப்பது எந்த விசை என்று இன்னும் ஒரு வரி எழுதுங்கள். ஆசிரியர்களே, கதையைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. அந்த ஒரு வரியையும் சேர்த்துச் சொல்வோம்.