உணவுப் பெட்டியில் ஒரு திரை

மறைந்துபோன ஒன்றின்மீது மனிதன் கொள்ளும் காதல் விந்தையானது. இருக்கும்போது குறை கண்ட கண், இழந்தபின் நிறையை மட்டுமே காணும். வாழும் தந்தையோடு நாள்தோறும் வழக்காடிய மகன், அவர் மறைந்தபின் அவருடைய கைத்தடியைப் போற்றி வைத்திருப்பான். இவ்வியல்பு குற்றமன்று. உலக இலக்கியத்தின் ஒரு பெரும்பகுதி இவ்வேக்கத்தின் வயிற்றிற் பிறந்ததே. ஆயினும், ஏக்கம் எழுத்தாகிவிட்டால் அது கடந்த காலத்திற்கு ஒரு சாட்சியாகவும் ஆகிவிடுகின்றது. சாட்சி என்று வந்துவிட்டால் விசாரித்துத்தான் ஏற்கவேண்டும். அமெரிக்க நாட்டின் பழைய பயணியர் இரயில்களைக் குறித்து எழுந்துள்ள நூல்களையும் பாடல்களையும் படங்களையும் அவ்வாறு சற்றே விசாரித்துப் பார்ப்போம்.

முதற்கண், இழக்கப்பட்டது யாது என அறிதல் வேண்டும். 1902ஆம் ஆண்டில் நியூயார்க் சென்ட்ரல் இரயில்வே, நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் இடையே 'டுவென்டியத் செஞ்சுரி லிமிடெட்' என்னும் விரைவு வண்டியை ஓடவிட்டது. 1938இல் ஹென்றி டிரைஃபஸ் என்னும் வடிவமைப்பாளர் அதற்குப் புத்துரு வழங்கினார். அவ்வாண்டில் அவ்வண்டி அந்நெடுந்தொலைவை 16 மணி நேரத்தில் கடந்தது. நியூயார்க் நிலையத்தில் பயணியர் நடந்து சென்று ஏறுவதற்கெனச் சிவப்புக் கம்பளம் விரித்தனர். மேற்கே, 1949இல் தோன்றிய 'கலிஃபோர்னியா செஃபிர்' வண்டியில், கண்ணாடிக் கூரையிட்ட மேல்தளத்தில் அமர்ந்தவாறே ராக்கி மலைத்தொடரைக் கண்டு மகிழ்ந்தனர். வெள்ளைத் துணி விரித்த உணவு மேசை, வெள்ளிக் கரண்டி, இரவில் விரித்து வைத்த படுக்கை, காலையில் மெருகேறிக் காத்திருக்கும் காலணி ஆகிய இவையெல்லாம் கற்பனையல்ல; உண்மையாகவே இருந்தவை.

பின்னர் அவை ஒவ்வொன்றாக மறைந்தன. 1956இல் இயற்றப்பட்ட நெடுஞ்சாலைச் சட்டம் நாடெங்கும் பெருஞ்சாலைகளை விரித்தது. ஜெட் விமானம் செல்வரை வானுக்கு அழைத்துச் சென்றது. 1967இல் அஞ்சல் துறை பெரும்பாலான இரயில்களிலிருந்து தன் அஞ்சல் பெட்டிகளை விலக்கிக்கொள்ள, வருவாயின் கடைசித் தூணும் சரிந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே 'டுவென்டியத் செஞ்சுரி' நின்றது. 1970 மார்ச்சில் 'செஃபிர்' நின்றது. 1971 மே முதல் நாள் ஆம்ட்ராக் என்னும் பொது அமைப்பு பயணியர் வண்டிகளை ஏற்றபோது, எஞ்சியிருந்தவற்றிலும் ஏறத்தாழப் பாதி கைவிடப்பட்டது.

இவ்விழப்பைப் பாடியோருள் முதலில் நினைக்கத்தக்கவர் லூசியஸ் பீபி. 1902இல் பிறந்து 1966இல் மறைந்த இவர், சார்லஸ் கிளெக் என்னும் நண்பரோடு சேர்ந்து இரயில் நூல்கள் பலவற்றை வெளியிட்டார். செல்வர்களின் தனிப் பெட்டிகளைக் குறித்து 1959இல் ஒரு நூல். 'டுவென்டியத் செஞ்சுரி'யைக் குறித்து 1962இல் ஒரு நூல். தாம் பயணம் செய்த வண்டிகளைக் குறித்து 1965லும் 1966லும் இரு தொகுதிகள். தமக்கெனச் சொந்தமாக ஓர் இரயில் பெட்டியே வைத்திருந்தவர் அவர். அவருடைய நடை செழுமையானது. மதுவும் உணவுப் பட்டியலும் பித்தளை விளக்கும் மரச்செதுக்கும் அவர் எழுத்தில் ஒளிவிடுகின்றன. படிப்போர் உள்ளம் அப்பெட்டியில் ஏறி அமர்ந்துவிடுகின்றது. ஆனால், அவ்விளக்கைத் துடைத்த கை எது என்று கேட்டால், அவ்வேடுகளில் விடை காண்பது அரிது. இருக்கையிலிருந்து எழுதப்பட்ட வரலாறு அது.

திரைப்படமும் அவ்வழியே சென்றது. 1959இல் வெளிவந்த ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' படத்தில், அதே 'டுவென்டியத் செஞ்சுரி' வண்டியின் உணவுப் பெட்டிக்குள் கேரி கிராண்ட் நுழைகின்றார். ஈவா மேரி செயின்ட் அமர்ந்திருக்கும் மேசைக்கே அவரை அழைத்துச் சென்று அமர்த்துகின்றனர். அவர் வந்தால் தன் மேசையில் அமர்த்தும்படி உணவுப் பெட்டியின் மேற்பார்வையாளருக்கு முன்னரே ஐந்து டாலர் கொடுத்து வைத்ததாக அம்மங்கை கூறுகின்றாள். அழகான காட்சி, இரயில் ஏக்கம் கொண்டோர் அடிக்கடி நினைவுகூரும் காட்சி. முன்பின் அறியாத இருவரை ஒரே மேசையில் அமர்த்தும் வண்மை இரயிலுக்கு உண்டு. காருக்கும் விமானத்துக்கும் இல்லை என்பதே ஏக்கத்தார் முன்வைக்கும் தலையாய வாதம்.

அவ்வாதத்தையே உரைகல்லாகக் கொள்வோம். 1942ஆம் ஆண்டு மே மாதத்தில் எல்மர் ஹென்டர்சன் என்பார், மத்திய அரசின் வேலைவாய்ப்பு நீதிக் குழுவின் அலுவலராக, சதர்ன் இரயில்வேயில் வாஷிங்டனிலிருந்து அட்லான்டாவுக்கு முதல் வகுப்புப் பயணியாகச் சென்றார். அவர் கறுப்பினத்தவர். இரவு உணவுக்கு அழைப்பு வந்ததும் உணவுப் பெட்டிக்குச் சென்றார். சமையலறையை ஒட்டிய கடைசி இரண்டு மேசைகளைத் திரையிட்டுக் கறுப்பினப் பயணியருக்கு ஒதுக்குவது அந்நிறுவனத்தின் விதி. அம்மேசைகளிலும் அன்று வெள்ளையர் சிலர் அமர்ந்திருந்தனர். ஓர் இருக்கையேனும் காலியாக இருந்தும் அவரை அமர்த்த மறுத்துவிட்டனர். அவருடைய இருக்கைக்கே உணவு கொண்டுவந்து தருவதாகக் கூறினர், அவர் இசையவில்லை. இடம் கிடைத்ததும் சொல்லியனுப்புவதாகக் கூறினர், சொல்லியனுப்பவில்லை. இருமுறை அவர் மீண்டும் சென்று பார்த்தார், பயனில்லை. இரவு ஒன்பது மணிக்கு உணவுப் பெட்டியை வண்டியிலிருந்து கழற்றிவிட்டனர்.

அவர் வழக்குத் தொடர்ந்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே நிறுவனம் தன் விதியைத் திருத்தியது: நால்வர் அமரும் மேசைகளுள் பத்து வெள்ளையருக்கு, ஒன்று கறுப்பினத்தவருக்கு. 1950 ஜூன் 5ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவ்விதி செல்லாதென ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஹென்டர்சன் கேட்டது உணவையன்று, மேசையை. ஏக்கத்தார் போற்றும் அதே மேசையை. ஐந்து டாலருக்குத் திரைக்கதையில் எளிதாகக் கிடைத்த இருக்கையைப் பெற, வாழ்க்கையில் ஒருவர் எட்டாண்டுகள் வழக்காட வேண்டியிருந்தது. கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து வைப்பதற்குச் சட்டத்தின் துணையளித்த 1896ஆம் ஆண்டுத் தீர்ப்பும் ஓர் இரயில் பெட்டியிலிருந்து எழுந்ததே என்பதை இங்கே நினைவிற் கொள்க. 1892இல் லூயிசியானாவில் ஹோமர் பிளெஸ்ஸி வெள்ளையர் பெட்டியில் அமர்ந்ததற்காகக் கைது செய்யப்பட்டார். அதன் விளைவே அத்தீர்ப்பு.

இனி, காலணிக்கு மெருகேற்றிய கையைக் காண்போம். 1867இல் தோன்றிய புல்மன் கம்பெனி, தன் உறங்கு பெட்டிகளில் பணிபுரிய அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பின மக்களை அமர்த்தியது. பயணியர் பலர் அவர்களை 'ஜார்ஜ்' என்றே அழைத்தனர். ஜார்ஜ் என்பது கம்பெனி முதலாளியின் பெயர். அடிமையை ஆண்டான் பெயரால் அழைத்த பழைய வழக்கத்தின் எச்சம் அது. பெற்றோர் இட்ட பெயர் வண்டியில் ஏறியதும் மறைந்துவிடும். மாதம் 400 மணி நேரம்வரை அவர்கள் உழைத்தனர். 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்து, பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937இல் கம்பெனியை ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் செய்தனர். மாத உழைப்பு 240 மணி நேரமாகக் குறைந்தது. 1955இல் மான்ட்கமரி நகரப் பேருந்துப் புறக்கணிப்பை முன்னின்று ஏற்பாடு செய்தோருள் ஒருவரான ஈ. டி. நிக்சன், இச்சங்கத்தில் வளர்ந்த உறங்குபெட்டிப் பணியாளரே.

இம்மக்களுக்கும் இரயில்மீது காதல் இருந்ததா எனக் கேட்கலாம். இருந்தது, அக்காதலின் சுவை வேறு. ஏறத்தாழ 1915 முதல் 1970 வரை அறுபது இலட்சம் கறுப்பின மக்கள் தெற்கிலிருந்து வடக்கிற்கும் மேற்கிற்கும் குடிபெயர்ந்தனர். அவர்களுட் பலரைச் சுமந்தது இரயில். சிகாகோவில் அச்சான 'டிஃபெண்டர்' ஏட்டைத் தெற்கே கொண்டு சேர்த்தோர் உறங்குபெட்டிப் பணியாளர். ஓவியர் ஜேக்கப் லாரன்ஸ், 1940–41இல் இக்குடிபெயர்வை அறுபது ஓவியங்களாகத் தீட்டினார். முதல் ஓவியத்தில் மக்கள் திரள் இரயில் நிலைய வாயில்களை நோக்கி நெருங்குகின்றது. சிகாகோ, நியூயார்க், செயின்ட் லூயிஸ் என்று வாயில்களின்மேல் ஊர்ப்பெயர்கள். இறுதி ஓவியத்திலும் மூட்டை முடிச்சுகளோடு மக்கள் நடைமேடையில் நிற்கின்றனர். பீபியின் நூலில் பெட்டியின் உட்புறம் நிறைந்திருக்கின்றது. லாரன்ஸின் ஓவியத்தில் நடைமேடை நிறைந்திருக்கின்றது. ஒருவருக்கு இரயில் ஒரு மாளிகை. மற்றவருக்கு அது ஒரு வாசல்.

இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது ஸ்டீவ் குட்மன் இயற்றிய 'சிட்டி ஆஃப் நியூ ஆர்லியன்ஸ்' என்னும் பாடல். 1971இல் அவரே பாடி வெளியிட்டார். 1972இல் ஆர்லோ கத்ரியின் குரலில் நாடெங்கும் பரவியது. சிகாகோவிலிருந்து தெற்கே நியூ ஆர்லியன்ஸ் வரை ஓடிய இல்லினாய் சென்ட்ரல் வண்டியைப் பற்றியது அது. வெள்ளிக் கரண்டியும் கம்பளமும் அப்பாடலில் இல்லை. பயணியர் குறைந்துபோன வண்டி, சீட்டாடும் முதியவர், குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய். உறங்குபெட்டிப் பணியாளரின் பிள்ளைகளும் எஞ்சின் ஓட்டியோரின் பிள்ளைகளும் அங்கே சேர்த்தே நினைக்கப்படுகின்றனர். இதனாலேயே ஏக்கப் பாடல்களுள் இதனை நாம் உயர்த்திச் சொல்கின்றோம். 1981இல் ஆம்ட்ராக் தன் சிகாகோ – நியூ ஆர்லியன்ஸ் வண்டிக்கு இப்பழைய பெயரையே மீண்டும் சூட்டியது. இன்றும் அப்பெயரோடு அவ்வண்டி ஓடுகின்றது.

ஆயினும் இப்பாடலும் சொல்லாதுவிட்டது ஒன்றுண்டு. வண்டி தெற்கு நோக்கிச் செல்கின்றது. அத்தெற்கு எத்தகையது என்பதைப் பாடல் தொடவில்லை. 1955 ஆகஸ்டில் இதே இல்லினாய் சென்ட்ரல் பாதையில் எம்மெட் டில் என்னும் 14 வயதுச் சிறுவன் உறவினரைக் காணச் சிகாகோவிலிருந்து மிசிசிப்பிக்குச் சென்றான். அங்கே வெள்ளையர் அவனைக் கொன்றனர். செப்டம்பரில் அவனுடல் சவப்பெட்டியில் அடைத்து அதே பாதையில் திரும்பி வந்தது. சிகாகோ நிலையத்தில் அத்தாய் காத்திருந்தார். அந்நடைமேடையும் அமெரிக்க இரயிலின் நினைவில் ஒரு பகுதியே.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். 'இரயிலை விரும்புவோன் இரயிலைப் பற்றி எழுதுகின்றான்; நாட்டின் பாவங்களையெல்லாம் அவன் தலையில் ஏன் ஏற்றவேண்டும்?' என்பர். மறுப்பு எளிதிற் தள்ளத்தக்கதன்று. ஒரு பொருளை அதன் அழகுக்காகவே நேசிக்க மனிதனுக்கு உரிமையுண்டு. ஆனால், ஏக்கத்தார் பொருளின் அழகோடு நிற்பதில்லையே! அக்காலத்தில் பண்பு இருந்தது, பணிவு இருந்தது, மனிதர் மனிதரோடு கலந்து பழகினர் என்றும் எழுதுகின்றனர். எஞ்சினைப் பற்றிப் பேசியவர் சமுதாயத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறத் தொடங்கியபின், அச்சமுதாயத்தார் அனைவரையும் சாட்சிக் கூண்டுக்கு அழைப்பதே முறை.

அழைத்தால் அவர்கள் கூறுவது வெறும் வசையாகவும் இராது. 1982இல் ஜாக் சாண்டினோவும் பால் வாக்னரும் உருவாக்கிய ஆவணப்படத்தில் முதிய உறங்குபெட்டிப் பணியாளர் பலர் பேசுகின்றனர். நூறாண்டு கண்ட ரோசினா டக்கர் அம்மையார் கதையை நடத்திச் செல்கின்றார். சங்கத்துக்காக உழைத்தவர் அவர். தம் தொழில் திறனில் அம்முதியோருக்குப் பெருமையுண்டு. பட்ட இழிவின் வடுவும் உண்டு. இரண்டையும் ஒரே மூச்சில் கூற அவர்களால் முடிகின்றது. பீபியின் செழுநடையால் இயலாத முழுமை அந்நடுங்கும் குரல்களுக்கு வாய்த்திருக்கின்றது.

நம் பழந்தமிழ்ப் புலவர், தலைவன் மறைந்தபோது பாடிய இரங்கற் பாட்டைக் கையறுநிலை என்றனர். அங்கே அழுவோர் யாவர்? அவன் வாயிலில் நின்ற பாணரும் பரிசிலரும் அழுகின்றனர். விருந்தில் உண்டோர் மட்டும் அழுதால் அது கையறுநிலை ஆகாது. உணவின் நினைவே ஆகும். அமெரிக்க இரயில் இலக்கியத்தின் குறை இதுவே. உண்டோர் நிறைய எழுதிவிட்டனர். பரிமாறியோரும், திரைக்கு அப்பால் அமர்த்தப்பட்டோரும், பசியோடு தம் இருக்கைக்குத் திரும்பியோரும் அந்நூல்களில் இடம்பெற வேண்டும்.

அதனால் பழைய இரயிலின் அழகு குன்றிவிடுமோ என அஞ்சவேண்டியதில்லை. அறியாத இருவர் ஒரு மேசையில் அமர்ந்து, சாளரத்துக்கு வெளியே ஒரே மாலைப்பொழுதைக் காண்பது உயர்ந்த காட்சிதான். அது எத்துணை உயர்ந்தது என்பதை ஹென்டர்சன் அறிந்திருந்தார். அதற்காகவே அவர் எட்டாண்டுகள் வழக்காடினார். அம்மேசையின் அருமையை அவரைவிட நன்கறிந்து எழுதிய இரயில் காதலர் எவருமிலர்.